மைக்கில் என் பெயர் கூப்பிட்டால் சொல்லுங்கள்

உட்காருங்கள், உட்காருங்கள். பெஞ்சு ஒன்றும் என் வீட்டுச் சீதனம் இல்லை. ஆனால் அந்த ஓரத்தில் வேண்டாம், வேப்பமரத்துக் காக்கை குறி பார்த்துப் போடுகிறது. காலையிலிருந்து இந்த மைதானத்தில் சரியான இடத்தில் விழுந்த ஷாட் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு உதவி, ஐயா. மைக்கில் அவினாசியப்பன் என்று கூப்பிட்டால் என் தோளைத் தட்டிச் சொல்லுங்கள். நான்தான் அவினாசியப்பன். காது மிஷினைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். வேர்வை இறங்கினால் விசிலடிக்க ஆரம்பித்துவிடுகிறது. போன மாதம் பயிற்சியில் எதிராளி சர்வீஸ் போடக் கையைத் தூக்குகிற நேரத்தில் என் காதுக்குள்ளிருந்து ஒரு விசில். மனிதர் போலீஸ் என்று நினைத்து ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டார். ரிட்டயர்டு தாசில்தார், அவருக்கு என்ன பயமோ. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது. அந்தக் குழாய் ஸ்பீக்கர் பேசுவதுதான் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கிறது.

ஆமாம், ஆடத்தான் வந்திருக்கிறேன். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? எழுபதைத் தாண்டியவர்கள் பிரிவு. உங்களுக்கு அறுபதுகூட மதிக்க முடியாது, நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். மடியில் வைத்திருக்கிற பை யாருடையது? அண்ணனுடையதா? சிரிக்கிறீர்கள். சரி, யாருடையதாகவோ இருக்கட்டும். பிறத்தியார் பையை இந்தக் காலத்தில் இவ்வளவு பொறுப்பாக யார் பிடித்துக்கொள்கிறார்கள்!

விஷயம் இதுதான். நேற்று தகுதிச் சுற்று. நான் தோற்றேன். தோற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். டென்னிஸில் ஒரு விசித்திர வழக்கம் இருக்கிறது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்கள் மறுநாள் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வெள்ளை டவுசரும் ஷூவுமாகக் காத்திருக்கலாம். மெயின் டிராவில், அதாவது அசல் போட்டிப் பட்டியலில், இருக்கிற எவனுக்காவது வயிற்றைக் கலக்கினால், முதுகு பிடித்துக்கொண்டால், மச்சினன் வீட்டில் விசேஷம் வந்தால், அந்தக் காலி இடத்துக்கு நம்மை வரிசைப்படி கூப்பிடுவார்கள். மைக்கில் மூன்று முறை. போகவில்லையென்றால் அடுத்த ஆள். இதற்குப் பெயர் லக்கி லூசர். அதாவது, தோற்றவன்தான், ஆனாலும் அதிர்ஷ்டக்காரன். வேறு எந்தத் தொழிலில் ஐயா இப்படி ஒரு பதவி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு வயிற்றுவலி வரும் என்று பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மண்டப வாசலில் எவனாவது காத்திருக்கிறானா?

நான் காத்திருப்பேன். என் தொழிலே அதுதான். நாலு சீசன் உலகம் முழுக்கப் போய்க் காத்திருந்தவன் நான்.

இன்றைக்கு வரிசையில் முதல் ஆள் நான். எனக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார், மருதாசலமோ என்னவோ பெயர். ஆளைப் பார்த்ததில்லை. அவர் ஆட்டம் நடந்தபோது நான் கேன்டீன்காரருக்கு பேக்ஹேண்ட் எப்படி அடிப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நான் இருக்கிற வரைக்கும் அவருக்கு வாய்ப்பில்லை, பாவம். எங்காவது மூலையில் உட்கார்ந்து என்னைச் சபித்துக்கொண்டிருப்பார்.

எப்படியாவது இன்றைக்கு ஆடியாக வேண்டும், ஐயா. ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, அந்த நோய் எனக்கு எப்போதோ குணமாகிவிட்டது. கோர்ட்டுக்குள் நின்றால் போதும். என் வீட்டுக்காரி சுலோசனா வருகிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் ஒரே பாட்டு: "ஏனுங்க, நீங்க டென்னிஸ் பேசித்தான் நான் பாத்திருக்கறன், ஆடிப் பாத்ததே இல்லீங்க." சொந்தக்காரர்கள் முன்னால் சொல்வாள். சம்பந்தி வீட்டில் சொல்வாள். டாக்டரிடம்கூடச் சொன்னாள். முட்டி தேய்ந்திருக்கிறது, நிறைய ஆடியிருக்கிறார் போல என்று அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். இவள் உடனே, "ஆடித் தேயலீங்க டாக்டர், நின்னு பேசித் தேஞ்சதுங்க" என்கிறாள்.

அதனால் நேற்று ராத்திரி, தோற்றதைச் சொல்லாமல், "நாளைக்கு எனக்கு மேட்ச் இருக்குது, வந்து பாரு" என்று சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றுவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சரி என்றாள், அதுதான் ஆபத்து. வடவள்ளியிலிருந்து பஸ் ஏறி, மோர் எடுத்துக்கொண்டு வருகிறாள். அவள் வந்து சேர்வதற்குள் எவனுக்காவது எங்காவது வலிக்க வேண்டும். இந்த வயதில் வலிக்க இடமா இல்லை? ஆனால் காலையில் ஒவ்வொருத்தன் முகமாகப் பார்த்தேன். கேவலமான ஆரோக்கியம், ஐயா! ஒருத்தன் ஸ்கிப்பிங் கயிறு ஆடுகிறான்.

நாலு சீசன் என்று சொன்னேன் அல்லவா? முதல் சீசன் எழுபத்தி நாலு. குளிர்காலம், கல்கத்தா, புல்தரை. அப்பாவுக்குத் திருப்பூரில் ஜின்னிங் ஃபாக்டரி. நான் பஞ்சுக் குடோனின் பின்சுவரில் அடித்துப் பழகியவன். அதனால்தானோ என்னவோ என் சர்வீஸும் பஞ்சு மாதிரியே போகும். மிகைப்படுத்தவில்லை. நான் சர்வீஸ் போட்டால் எதிராளி டவலை எடுத்து முகம் துடைத்து, டவலைத் திரும்ப மடித்துவைத்து, ராக்கெட் நரம்பைச் சரிசெய்துகொண்டு நிமிரும்போதுதான் பந்து வந்து சேரும். ஒருமுறை பந்து போகிற வழியில் ஒரு தட்டாம்பூச்சி அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போயிற்று. நடுவர் என்ன தீர்ப்பு சொல்வது என்று தெரியாமல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

ஆனாலும் தகுதிச் சுற்றில் ஒரு வங்காளிக்காரனை மூன்றாவது செட் வரை இழுத்துவிட்டேன். நிர்மல் என்று பெயர். இன்னும் ஒரு கேம் எடுத்தால் எனக்கு ஜெயம். அதற்கு முன் தண்ணீர் குடிக்க இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்தோம். சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அவனிடம் விளக்கினேன். "தம்பி, நீ நல்லா ஆடற. ஆனா ரொம்பப் பின்னால நிக்கற. வலைக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பந்து போட்டேன்னா ஓடி வர உன்னால முடியாது" என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னேன். எழுந்து போனோம். ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட்தான் பாக்கி என்கிற கட்டம் வந்தது. வலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பந்து போட்டேன். பயல் அங்கேயே நிற்கிறான், ஐயா! எப்படித்தான் தெரிந்ததோ! இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவனுக்கு யாரோ துப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

அதன்பிறகு ஐந்து நாள் காத்திருந்தேன். வங்காளத்தில் ஒருவனுக்கும் வயிறு கெடவில்லை.

கைப்பிடிக்கு டேப் சுற்றுகிறீர்களே, அண்ணனுக்கா? சுற்றுங்கள், சுற்றுங்கள். கொஞ்சம் இறுக்கமாகச் சுற்ற வேண்டும். ஆ, அப்படித்தான். கையில் நல்ல பழக்கம் தெரிகிறது. வீட்டில் எலக்ட்ரிக் வேலையெல்லாம் செய்வீர்களோ?

இரண்டாவது சீசன்தான் சீசன். ஐரோப்பா. செம்மண் தரை. டெக்லன் என்று ஒரு அயர்லாந்துக்காரன், அவனும் நானும் ஒரு பழைய வேனில் ஊர் ஊராகப் போவோம், அதிலேயே தூங்குவோம், தோற்றுவிட்டு அடுத்த ஊர். பெல்ஜியத்தில் ஒரு சின்ன ஊரில் இரண்டு பேரும் ஒரே நாளில் தகுதிச் சுற்றில் தோற்றோம். வரிசையில் அவன் முதல், நான் இரண்டாவது. இன்றைக்கு நானும் அந்த மருதாசலமும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி ஒரு பெஞ்சு. அவன் உட்கார்ந்திருக்கிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சும்மா ஒரு கதையை ஆரம்பித்தேன். எங்கள் தாய்மாமன் வால்பாறையில் சிறுத்தையோடு நேருக்கு நேர் நின்ற கதை.

எனக்கு அந்தக் காலத்தில் பாம்புச் செவி. மைக்கில் டெக்லன் பெயர் கேட்டது. சிறுத்தையைப் புதரிலிருந்து ஒரு அடி வெளியே கொண்டுவந்தேன். அவன் மைக் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். சிறுத்தையின் வாயைத் திறந்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டார்கள். சிறுத்தை பாய்ந்தது! டெக்லன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் மைக்கில் என் பெயர் வந்தது. "டெக்லன், சிறுத்தை கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நல்லது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது பாருங்கள் உங்களுக்கு. டெக்லன் கோபித்துக்கொண்டானா என்கிறீர்களா? அதெல்லாம் இல்லை. சாயங்காலம் வேனில் ஏறியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, உங்க மாமா பிழைத்தாரா என்பதுதான்.

என்ன, மைக்கா? என் பெயரா? ஏதோ வண்டியை எடுக்கச் சொல்கிறார்களா? வெள்ளை மாருதியா. என்னுடையது இல்லை, நான் பஸ்ஸில் வந்தவன்.

என்ன கேட்டீர்கள்? 'அப்புறம்?' என்றா? ஐயா, உங்களை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சரியான இடத்தில் 'அப்புறம்?' என்று கேட்கத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். என் வீட்டில் ஒருநாள் ஒருபொழுது அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. நான் பெல்ஜியம் என்று ஆரம்பித்தாலே சுலோசனா மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

அப்புறம் என்ன, மெயின் டிரா. எதிரில் ஒரு ஹங்கேரிக்காரன், பீரோ மாதிரி இருப்பான். செம்மண்ணில் வழுக்கிக்கொண்டே போய் அடிக்க வேண்டும், அதுதான் அங்கே முறை. எனக்கு வழுக்கத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. ஒரு பந்துக்காக வழுக்கினேன். போகிறேன், போகிறேன், கோர்ட் முடிந்துவிட்டது, நான் முடியவில்லை. நேராகப் பக்கத்துக் கோர்ட்டில் போய் நின்றேன். அங்கே ஒரு பந்து என்னை நோக்கி வந்தது. பழக்கதோஷம், அடித்துவிட்டேன். மூலையில் போய் விழுந்தது பாருங்கள், ஒருத்தராலும் தொட முடியவில்லை! கூட்டம் எழுந்து கைதட்டியது. மெயின் டிராவில் என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே பாயிண்ட் அதுதான். அதையும் எவனோ ஒரு ஆஸ்திரியாக்காரன் பேரில் போட்டுக்கொண்டார்கள்.

என் கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஹங்கேரிக்காரன் சட்டை நனையாமல் போனான். கைகொடுக்கும்போது, நீ பயிற்சிக்கு வந்தவனா, உண்மையான ஆள் எப்போது வருவான் என்று கேட்டான். ஆனாலும் ஆடினேன் அல்லவா? ராக்கெட்டால் முடியாததை வாயால் முடித்தேன் அல்லவா? அதைச் சொல்லுங்கள்.

ஷூ நாடாவை இறுக்குகிறீர்களா? நடக்கப் போகிறீர்களோ? இந்த வெயிலில் வேண்டாம், சாயங்காலம் நடக்கலாம். சர்க்கரையா உங்களுக்கு?

மறுபடியும் மைக்கா? அதே மாருதியா! கேட்டீர்களா அநியாயத்தை? இரண்டாவது தடவை கூப்பிடுகிறார்கள், ஆள் வரக் காணோம். எவனோ ஒரு சோம்பேறி, எங்கேயாவது உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருப்பான். இப்படிப்பட்டவர்களால்தான் ஐயா நாட்டில் ஒரு காரியமும் நேரத்துக்கு நடப்பதில்லை.

அப்புறமா? அப்புறம் மூன்றாவது சீசன். இங்கிலாந்து, ஒரு கடலோர ஊர், மழை. காலையில் மழை, மத்தியானம் மழை, அதற்கு நடுவில் கொஞ்சம் தூறல். எல்லோரும் ஒரு பெரிய கூடாரத்துக்குள் அடைந்து கிடப்போம். நான்தான் அங்கே ராஜா. சிறுத்தைக் கதையைச் சொன்னேன், யானைக் கதையைச் சொன்னேன். என் மாமா அந்த ஒரு வாரத்தில் சந்திக்காத மிருகம் மலையிலேயே கிடையாது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். ஒருநாள் மழை விட்டது. ரெஃபரி, வெள்ளை மீசை, குடையோடு உள்ளே வந்து, ஒருவர் கழன்றுகொண்டார், லக்கி லூசர் யார் என்று கேட்டார். நான்தான். ஆனால் நான் அப்போது யானையைப் பாதி ஆற்றில் இறக்கியிருந்தேன். யானையை அப்படி விட்டுவிட்டுப் போக முடியுமா? ஒரு நிமிஷம் சார் என்றேன். அவரும் குடையை மடக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். யானை கரையேறி நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தால் திரும்ப மழை. அதோடு அந்தப் போட்டியையே ரத்து செய்தார்கள். மழையினால் என்று பேப்பரில் போட்டான். எனக்கும் ரெஃபரிக்கும்தான் தெரியும், யானையினால் என்று.

துரதிர்ஷ்டம், ஐயா. என் சரித்திரம் முழுக்கத் துரதிர்ஷ்டம்தான். நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், வேறு காரணமே இல்லை.

நாலாவது சீசன் சின்னது. பாங்காக். ரேங்க் வரிசையில் எனக்குக் கீழே இரண்டு பேர் மிச்சம் இருந்தார்கள். ஒருத்தன் பாதிரியாராகப் போய்விட்டான். இன்னொருத்தன் டென்னிஸே போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அப்புறம் கீழே குனிந்து பார்த்தால் வெறும் தரை. அந்த வாரமே முட்டி போயிற்று. எப்படிப் போயிற்று என்பது ஒரு தனிக் கதை, அதில் ஒரு படகு வருகிறது, ஒரு குரங்கு வருகிறது, முட்டி கடைசியில்தான் வருகிறது. சரி, அதை விடுங்கள். ஊருக்கு வந்தேன், மச்சானுடைய பம்ப்செட் கம்பெனியில் சேர்ந்தேன், சுலோசனாவைக் கட்டினேன். அவள் பார்த்ததெல்லாம் பம்ப்செட் விற்கிற அவினாசியப்பனைத்தான். பாவம், அவள்மேல் என்ன தப்பு? மிச்சத்தை என் வாயிலிருந்துதான் கேட்டாள். என் வாயை நம்புகிற அளவுக்கு அவள் முட்டாள் இல்லை. அதனால்தான் ஐயா இன்றைக்கு ஒரே ஒரு நாள், நான் வாயைத் திறக்காமல், அவள் கண்ணால்...

மைக் அலறுகிறதே! மூன்றாவது தடவையா? அந்த மாருதிக்காரனை என் கையில் கொடுங்கள், ஐயா, நான் கேட்கிறேன் அவனை. மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழாத ஒரு ஜென்மமா?

என்ன, எழுந்துவிட்டீர்கள்? பாத்ரூம் அந்தப் பக்கம். பையை இங்கேயே வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லையா? பையோடா? தொப்பி வேறு எதற்கு? குரங்கு இன்னும் படகில்கூட ஏறவில்லை, ஐயா. இரண்டு நிமிஷம் இருந்தால்... என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

'சிறுத்தை கொஞ்சம் காத்திருக்கட்டும்' என்றா?

ஹ! நல்ல ஆள். என் வசனத்தை என்னிடமே... ஐயா! உங்கள் பெயரைச் சொல்லாமலே போகிறீர்களே! ஐயா!

அம்மிணி, இங்கே வா. நீதானே மைக்கில் பேசுகிற பெண்? கொஞ்சம் கிட்டே வந்து சொல், காது மிஷின் பையில் இருக்கிறது. அந்த வெள்ளை மாருதிக்காரன் வந்தானா இல்லையா? எந்த மாருதியா? மாருதியே கூப்பிடவில்லையா? பின்னே மூன்று தடவை யாரைக் கூப்பிட்டாய்?

யாரை?

சரி. சரி, அம்மிணி. நீ போ. உன்மேல் தப்பில்லை. தொப்பி போட்டுக்கொண்டு போனாரே, அவர் பெயர் மட்டும்... வேண்டாம், சொல்லாதே. எனக்குத் தெரியும்.

அடப்பாவி மனுஷா. நான் வாயால் செய்ததை நீ காதாலேயே செய்துவிட்டுப் போய்விட்டாயே! கைப்பிடிக்கு டேப் இறுக்கமாகச் சுற்று என்று சொல்லிக்கொடுத்ததும் நானேதான்.

யாரது? சுலோசனா! வந்துவிட்டாயா. வா, உட்கார். அந்த ஓரத்தில் வேண்டாம், காக்கை. மோரா, கொடு. இரு, முதலில் காது மிஷினை மாட்டிக்கொள்கிறேன். ஆமாம், இப்போது ஊரெல்லாம் கேட்கிறது. அதோ மைக்கில் மருதாசலம் என்கிறார்கள். அதோ பார், மூன்றாவது கோர்ட், தொப்பி, சர்வீஸ் போடுகிறார் பார், அவர்தான். நல்ல சர்வீஸ். எனக்கு மேட்ச் எப்போது என்கிறாயா? சுலோசனா, அங்கே நடக்கிறதே, அது என் மேட்ச்தான். எனக்குப் பதிலாக அவர் ஆடுகிறார். முறைக்காதே. நேற்று நான் தோற்றுவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை. இன்றைக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், பேசிக்கொண்டிருந்தேன். யாரிடம் என்றால், அவரிடம்தான். சிரிக்காதே. இந்த பெஞ்சில், நீ உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில் உட்கார்ந்து, மூன்று தடவையும்...

என்ன சொன்னாய்?

'அப்புறம்?' என்றா சொன்னாய்? நீயா? கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்காத வார்த்தை! சுலோசனா, மோர்ப் பையை இப்படித் திற, பார்ப்போம். உள்ளே ராக்கெட் ஏதும் கொண்டுவரவில்லையே நீ?